எஞ்சின் ஆயில் அளவு: வாசகர் கேள்வி பதில்

மோட்டார் சைக்கிள் பராமரிப்பைப் பற்றி வந்திருக்கும் கடிதங்களில் எஞ்சின் ஆயிலின் அளவு குறித்த கேள்விகளே மிகுதியாக இருப்பதால், இம்முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் வண்டியில் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் குச்சியை) எடுத்துப் பார்த்தால் ஒரு நாள் ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே நிற்கிறது, மறுநாள் மேல்கோட்டைத் தொடுகிறது. இடையில் ஆயில் ஊற்றவும் இல்லை, எங்கும் ஒழுகவும் இல்லை. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்ப வேண்டாம். ஆயில் மாறவில்லை, நீங்கள் பார்த்த நிலைதான் மாறியிருக்கிறது. டிப்ஸ்டிக்கில் உள்ள இரண்டு கோடுகளும் ஒரு குறிப்பிட்ட நிலைக்காக வரையப்பட்டவை: வண்டி சமதரையில் நிமிர்ந்து நிற்க வேண்டும், எஞ்சின் சற்று ஓடிச் சூடாகியிருக்க வேண்டும், பிறகு அணைத்துச் சில நிமிடங்கள் ஆகியிருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் கோடுகளுக்குப் பொருள் இல்லை.

முதலில் வண்டியின் சாய்வைப் பாருங்கள். சைடு ஸ்டாண்டில் வண்டி இடப்பக்கம் சாய்ந்து நிற்கும்போது, எஞ்சினின் அடியில் தேங்கியிருக்கும் ஆயிலும் இடப்பக்கம் ஒதுங்கிவிடுகிறது. பெரும்பாலான சிறிய வண்டிகளில் ஆயில் மூடி வலப்பக்கத்தில் இருப்பதால், அந்தத் துளையின் வழியே இறங்கும் குச்சி உண்மை அளவைவிடக் குறைவாகவே காட்டும். பற்றாக்குறை என்று எண்ணி அந்த நிலையிலேயே ஆயில் ஊற்றுகிறவர், சரியாக இருந்த எஞ்சினில் அளவை மீறி ஊற்றிவிடுகிறார். சென்டர் ஸ்டாண்டு இருந்தால் அதில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் இன்னொருவரை வண்டியின் மேல் உட்காரவைத்து, கைப்பிடியை நேராகப் பிடிக்கச் சொல்லி, முன்னே நின்று வண்டி நிமிர்ந்திருக்கிறதா என்று கண்ணால் சரிபார்த்துக்கொள்ளலாம். தரை சரிவாக இருந்தால் சென்டர் ஸ்டாண்டாலும் பயனில்லை.

அடுத்தது சூடும் காத்திருப்பும். பல நிறுவனங்களின் கையேடுகள் எஞ்சினை மூன்று முதல் ஐந்து நிமிடம் ஐடிலிங்கில் (ஆக்ஸிலேட்டரை முறுக்காமல்) ஓடவிட்டு, அணைத்தபின் இரண்டு அல்லது மூன்று நிமிடம் பொறுத்துப் பார்க்கச் சொல்கின்றன. எஞ்சின் ஓடும்போது ஆயிலின் ஒரு பகுதி சிலிண்டர் தலையிலும், கிளட்ச் உறைக்குள்ளும், ஃபில்டரிலும், உட்சுவர்களிலும் பரவியிருக்கும். அது வடிந்து அடிக்கு வருவதற்குத்தான் அந்த இடைவெளி. அணைத்த உடனே பார்த்தால் குறைவாகத் தெரியும். இரவு முழுவதும் நின்ற வண்டியில் காலையில் பார்த்தால், கடைசித் துளிவரை வடிந்திருப்பதால் சற்றுக் கூடுதலாகத் தெரியலாம். உங்கள் கடிதத்தில் சொல்லியிருக்கும் ஏற்ற இறக்கத்துக்கு இதுவே போதுமான காரணம்.

இனிக் குச்சியைப் போடும் விதம். மூடியைத் திறப்பதற்கு முன்பே அதைச் சுற்றியுள்ள மண்ணையும் தூசியையும் துடைத்துவிடுங்கள். திறந்த துளைக்குள் விழும் மணல், ஆயிலோடு சேர்ந்து பேரிங்குகளுக்கும் போகும். குச்சியை நூல் பிரியாத துணியால் துடைத்து மீண்டும் உள்ளே விடும்போது, மூடியை மரையில் திருகுவதா அல்லது மரையின் மேல் உட்காரவைத்தால் போதுமா என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். ஹோண்டா வண்டிகள் பலவற்றில் திருகாமல் வைத்துப் பார்க்க வேண்டும். வேறு சில வண்டிகளில் முழுவதும் திருகிப் பார்க்க வேண்டும். திருகக் கூடாத மூடியைத் திருகினால் குச்சி மரையின் நீளத்துக்குக் கூடுதலாக இறங்கி, குறைவான ஆயிலையும் போதுமானது என்று காட்டிவிடும். திருக வேண்டியதைத் திருகாமல் விட்டால் இதற்கு நேர்மாறாக நடக்கும். ஒரு கோட்டுக்கும் மறு கோட்டுக்கும் இடையே உள்ள தூரமே கொஞ்சம்தான் என்பதால், மரை நீளத்துத் தவறு சின்னத் தவறு அல்ல. கையேட்டில் இந்த ஒரு வரியையாவது தேடிப் படித்துவிடுங்கள் என்று எல்லா வாசகர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

குச்சியை வெளியே எடுத்தபின் இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். துளையின் ஓரத்தில் உரசியதால் ஒரு பக்கத்தில் ஆயில் மேலேவரை பூசியிருக்கும். மறுபக்கத்தில் ஆயில் ஒரே சீராகத் தாழ்வாக நின்றிருக்கும். தாழ்ந்த பக்கமே உண்மை. புது ஆயில் கண்ணாடிபோல் தெளிவாக இருப்பதால் அதன் விளிம்பு சட்டென்று கண்ணுக்குப் படாது. குச்சியை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் ஈரமான இடத்துக்கும் உலர்ந்த இடத்துக்கும் உள்ள எல்லை தெரியும். ஐயம் இருந்தால் துடைத்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள்.

கேள்வி: எங்கள் வண்டியில் டிப்ஸ்டிக் இல்லை, எஞ்சினின் கீழ்ப்பகுதியில் வட்டமான கண்ணாடி ஒன்று இருக்கிறது. சில நேரம் அது முழுவதும் நிரம்பித் தெரிகிறது, சில நேரம் முற்றிலும் காலியாகத் தெரிகிறது.

பதில்: மேலே சொன்ன விதிகள் அனைத்தும் இந்தக் கண்ணாடிக்கும் பொருந்தும். கண்ணாடியும் பெரும்பாலும் வலப்பக்கத்தில்தான் இருக்கும். ஆகவே சைடு ஸ்டாண்டில் அது காலியாகத் தெரிவது இயல்பு. வண்டியை நிமிர்த்திப் பிடித்து, கண்ணாடியின் மட்டத்துக்குக் குனிந்து நேராகப் பாருங்கள். மேலிருந்து சாய்வாகப் பார்த்தால் கோடு இடம் மாறித் தெரியும். கண்ணாடியின் ஓரத்தில் உள்ள இரண்டு கோடுகளுக்கு இடையே ஆயிலின் மேல்மட்டம் நிற்க வேண்டும்.

கண்ணாடி முழுவதும் ஒரே நிறமாக இருந்தால் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். அது மேல்வரை நிரம்பியிருப்பதாலும் இருக்கலாம். பல ஆண்டு ஆயில் கறை உட்புறம் படிந்திருப்பதாலும் இருக்கலாம். வண்டியை மெல்ல இடப்பக்கம் சாய்த்தால் உள்ளே ஆயில் மட்டம் இறங்குவது தெரிய வேண்டும். எதுவும் அசையவில்லை என்றால் நீங்கள் பார்ப்பது கறையைத்தான்.

கேள்வி: என்னிடம் இருப்பது வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட பழைய புல்லட். நீண்ட நாள் நிறுத்திவைத்துவிட்டுப் பார்த்தால் ஆயில் காணாமல் போயிருக்கிறது; சிறிது ஓட்டியபின் திரும்ப வந்துவிடுகிறது. இது கோளாறா?

பதில்: உங்கள் எஞ்சின் டிரை சம்ப் வகையைச் சேர்ந்தது. பெரும்பாலான வண்டிகளில் ஆயில் எஞ்சினின் அடியிலேயே தங்கும். உங்கள் வண்டியில் ஆயிலுக்கென்று தனி அறை உண்டு. ஒரு பம்ப் அங்கிருந்து ஆயிலை எஞ்சினுக்கு அனுப்ப, இன்னொரு பம்ப் கீழே விழுந்த ஆயிலைத் திரும்ப அந்த அறைக்கே ஏற்றுகிறது. நீண்ட நாள் நிற்கும்போது அறையிலிருந்த ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். அந்த நிலையில் குச்சியைப் பார்த்து ஆயில் ஊற்றினால், எஞ்சின் ஓடியதும் இரண்டு ஆயிலும் அறைக்குள் சேர்ந்து வழிந்துவிடும். எனவே டிரை சம்ப் எஞ்சின்களில் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டி, அணைத்துச் சிறிது நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும்.

ஹார்லி டேவிட்சனின் சில மாடல்களில் வண்டியைச் சைடு ஸ்டாண்டில் நிறுத்தியே ஆயில் பார்க்க வேண்டும் என்று கையேடு சொல்கிறது என்பதையும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன். முதல் பதிலில் சைடு ஸ்டாண்டை விலக்கினேன். ஆனால் வண்டியைச் செய்தவர்கள் எந்த நிலையில் வைத்துக் கோடு போட்டார்களோ, அந்த நிலையே அந்த வண்டிக்குச் சரி.

கேள்வி: சர்வீஸின்போது ஒரு லிட்டர் டப்பா முழுவதையும் ஊற்றிவிட்டார்கள். இப்போது ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நிற்கிறது. கூடுதலாக இருப்பது நல்லதுதானே என்கிறார் மெக்கானிக்.

பதில்: நல்லதல்ல. இந்தக் கருத்து பலரிடம் ஊறிப்போயிருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மேல்கோடு என்பது எஞ்சினுக்குள் சுழலும் பாகங்கள் ஆயிலில் அளவுக்கு மீறி மூழ்கிவிடாதபடி கணக்கிட்டு வைத்த எல்லை. ஆயில் அதைத் தாண்டினால், நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழலும் கிராங்க்கும் கியர்களும் அதை மத்தாகக் கடைகின்றன. கடைவதற்கு ஆகும் சக்தி வீண். அந்த உராய்வால் ஆயில் மேலும் சூடாகிறது. அதற்குள் காற்றுக் குமிழிகள் கலந்து நுரைக்கிறது. பம்ப் அந்த நுரையைத்தான் உறிஞ்சி அனுப்பும். காற்றுக் கலந்த ஆயிலால் பேரிங்குகளுக்கு நடுவே உறுதியான படலமாக நிற்க முடியாது. ஆயில் குறைவாக இருந்தால் என்ன நேருமோ, கூடுதலாக இருந்தாலும் அந்தத் திசையிலேயே எஞ்சின் போகிறது. இதோடு, உள்ளே ஏறும் அழுத்தம் ஆயிலை, எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் தள்ளும். ஃபில்டர் நனையும், பிளக் கறுக்கும், சைலன்சரில் புகை வரும், சீல்களின் ஓரத்தில் ஆயில் கசியத் தொடங்கும். ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் உள்ள வடிகுழாயில் ஆயில் தேங்கியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். தேங்கியிருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுவதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

டப்பாவின் கொள்ளளவும் எஞ்சினின் கொள்ளளவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஒரு லிட்டருக்கும் குறைவாகவே ஆயில் பிடிக்கும் சிறிய எஞ்சின்கள் பல உண்டு. கையேட்டைத் திறந்தால் ஒரே எஞ்சினுக்கு இரண்டு அல்லது மூன்று அளவுகள் கொடுத்திருப்பார்கள்: ஆயிலை மட்டும் வடித்து மாற்றும்போது ஓர் அளவு, ஃபில்டரையும் மாற்றும்போது ஓர் அளவு, எஞ்சினை முழுவதும் பிரித்து மாட்டும்போது ஓர் அளவு. எவ்வளவு வடித்தாலும் உள்ளே கொஞ்சம் தங்கிவிடும் என்பதால் முதல் அளவே எல்லாவற்றிலும் குறைவு. மூன்றாவது அளவைப் பார்த்துவிட்டுச் சாதாரண சர்வீஸில் ஊற்றுவதும், டப்பாவைப் பார்த்து ஊற்றுவதும் ஒரே தவறுதான். சொல்லியிருக்கும் அளவில் சிறிது குறைத்து ஊற்றி, எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டுப் புது ஃபில்டர் ஆயிலை உறிஞ்சிக்கொள்ள இடம் கொடுத்து, அணைத்துப் பொறுத்திருந்து பார்த்து, தேவையானதைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பதே முறை.

கூடுதலை எடுக்க, அடியில் உள்ள டிரெயின் போல்ட்டைத் தளர்த்த வேண்டாம். சூடான ஆயில் பீறிட்டுக் கையில் படும். எவ்வளவு போயிற்று என்றும் தெரியாது. வாஷரையும் மாற்ற வேண்டிவரும். ஆயில் ஊற்றும் துளை வழியாக மெல்லிய குழாய் மாட்டிய பெரிய சிரிஞ்சால் உறிஞ்சி எடுப்பது எளிது. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 50 மில்லி எடுத்து, மீண்டும் அளவு பாருங்கள்.

கேள்வி: ஆயில் மாற்றிய சில வாரங்களிலேயே மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோட்டுக்கு வந்துவிடுகிறது. தரையில் ஒரு சொட்டும் இல்லை. ஆயில் எங்கே போகிறது?

பதில்: ஒன்று எரிந்து போக வேண்டும், அல்லது தரையில் விழாதபடி எங்கேயோ கசிய வேண்டும். கசிவைத் தேடுவது எளிது என்பதால் அதிலிருந்து தொடங்குங்கள். எஞ்சினைத் துடைத்துச் சுத்தம் செய்து, சில நாள் ஓட்டியபின் சிலிண்டர் தலையின் மூடி, டிரெயின் போல்ட், கியர் லிவரின் தண்டு நுழையும் இடம் ஆகியவற்றை விரலால் தடவிப் பாருங்கள். பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. முன் ஸ்பிராக்கெட்டின் (செயினை இழுக்கும் பற்சக்கரத்தின்) மூடியைக் கழற்றினால் கருப்பாகக் கெட்டியான பிசுக்கு இருக்கும். அது செயினிலிருந்து தெறித்தது என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். அதை வழித்துச் சுத்தம் செய்துவிட்டு ஒரு வாரம் கழித்துத் திறந்து பாருங்கள். ஸ்பிராக்கெட்டின் பின்னால் நீர்த்த ஆயில் புதிதாக வழிந்திருந்தால், கியர்பாக்ஸ் தண்டின் சீல் தேய்ந்திருக்கிறது.

கசிவு இல்லையென்றால் ஆயில் எரிகிறது. வெகுநேரம் நின்ற வண்டியைக் கிளப்பும்போதோ, ஆக்ஸிலேட்டரை முழுவதும் விட்டு இறக்கத்தில் வந்து மீண்டும் முறுக்கும்போதோ நீலம் கலந்த புகை வந்தால் வால்வு சீல்களைச் சந்தேகிக்கலாம். பாரத்தோடு ஏற்றத்தில் முறுக்கும்போது தொடர்ந்து புகைத்தால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேய்ந்திருக்கக்கூடும். கண்ணுக்குப் புகையே தெரியாமலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆயில் எரியலாம். புது எஞ்சின் ரிங்குகள் படியும்வரை சற்று ஆயில் குடிக்கும். காற்றால் குளிரும் எஞ்சின்கள் அதிவேகத்தில் நெடுந்தூரம் ஓடினாலும் குடிக்கும். ஆகவே குறைவது மட்டுமே பழுதுக்கு அடையாளம் அல்ல. குறையும் வேகம் மாறுவதே அடையாளம். ஒவ்வொரு முறை ஆயில் சேர்க்கும்போதும் கிலோமீட்டர் எண்ணையும் சேர்த்த மில்லியையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். நான்கைந்து பதிவுகள் சேர்ந்ததும், எஞ்சின் ஒரே அளவில் குடிக்கிறதா அல்லது தாகம் கூடிக்கொண்டே வருகிறதா என்பது யாரையும் கேட்காமலே தெரிந்துவிடும்.

அடுத்த சர்வீஸ்வரை மூடியைத் திறக்கவே வேண்டாம் என்று இருப்பது சரியல்ல. ஆயில் மாற்றும் தவணை, அதுவரை அளவு குறையாமல் இருக்கும் என்று யாரும் கொடுத்த உறுதிமொழி அல்ல. பழைய வண்டியில் வாரம் ஒரு முறையும், எந்த வண்டியிலும் நெடும்பயணத்துக்கு முன்னும் பார்ப்பது நல்லது.

கேள்வி: நான் ஆயில் சேர்க்கவே இல்லை, ஆனால் அளவு கூடியிருக்கிறது. இது எப்படி முடியும்?

பதில்: இந்தக் கடிதமே எல்லாவற்றிலும் அவசரமானது. காரணம் தெரியும்வரை வண்டியைக் கிளப்ப வேண்டாம்.

குச்சியை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, ஆயில் விரல்களுக்கு நடுவே தண்ணீராக வழுக்கினால், பெட்ரோல் இறங்கிக் கலந்திருக்கிறது. கார்புரேட்டர் வண்டிகளில், பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் அறையின் ஊசி வால்வில் தூசி சிக்கினால் பெட்ரோல் நிற்காமல் வழிந்து, உறிஞ்சு குழாய் வழியாக சிலிண்டருக்குள் போய், ரிங்குகளைக் கடந்து ஆயிலில் சேரும். பெட்ரோல் கலந்த ஆயில் மெலிந்துவிடுவதால், அளவு எவ்வளவு காட்டினாலும் அது எஞ்சினைக் காப்பாற்றாது. சிலிண்டருக்குள் பெட்ரோல் நிரம்பியிருக்கும்போது ஸ்டார்ட்டரை அழுத்தினால், திரவத்தை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும். தீப்பற்றும் அபாயமும் உண்டு. பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, ஊசி வால்வைச் சரிசெய்தபின், ஆயிலை முழுவதும் வடித்துப் புதிது ஊற்றுங்கள்.

வாடை இல்லாமல் ஆயில் பால் கலந்த நிறத்தில் இருந்தால், சேர்ந்திருப்பது தண்ணீர். ரேடியேட்டர் உள்ள வண்டி என்றால் கூலன்ட் தொட்டியின் அளவு குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். வாட்டர் பம்பின் சீலோ ஹெட் கேஸ்கெட்டோ போயிருக்கலாம்.

கேள்வி: ஆயில் மூடியின் அடியில் மட்டும் வெண்மையான நுரை படிந்திருக்கிறது. குச்சியின் நுனியில் ஆயில் தெளிவாகவே இருக்கிறது.

பதில்: அஞ்ச வேண்டாம். தினமும் ஓரிரு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் எஞ்சின் முழுச் சூட்டை அடைவதே இல்லை. உள்ளே உறையும் ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் மூடியில் படிகிறது. வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள். அதன்பிறகும் நுரை திரும்பத் திரும்ப வந்தால் முந்தைய பதிலைப் படியுங்கள்.

கேள்வி: மாற்றிய சில நாளிலேயே ஆயில் கறுத்துவிட்டது. கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. எரிந்த கரியையும் அழுக்கையும் தன்னுள் ஏந்திக்கொள்ளும் பொருள்கள் ஆயிலில் இருப்பதால் அது கறுக்கிறது. மாற்றும் காலத்தை நிறத்தைக் கொண்டு அல்ல, கையேட்டைக் கொண்டு முடிவு செய்யுங்கள். வெயிலில் பிடிக்கும்போது உலோகத் துகள் மின்னினால் மட்டும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கேள்வி: வழியில் ஆயில் குறைந்துவிட்டது, எங்களிடம் உள்ள அதே ஆயில் கிடைக்கவில்லை. வேறு நிறுவனத்தின் ஆயிலைச் சேர்க்கலாமா? கார் ஆயில் ஊற்றலாமா?

பதில்: வேறு நிறுவனத்தின் ஆயிலைச் சேர்க்கலாம், அதே கிரேடாக, மோட்டார் சைக்கிளுக்கு உரியதாக இருக்க வேண்டும். 10டபிள்யூ-30, 20டபிள்யூ-50 என்று டப்பாவில் இருப்பவை ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிப்பவை. முதல் எண் குளிர்ந்த நிலைக்கும், இரண்டாவது எண் சூடான நிலைக்கும் உரியது. கிரேடு சற்று மாறிப்போனாலும், ஆயில் குறைவாகவே ஓட்டுவதைவிட அது மேல். ஊருக்கு வந்ததும் மாற்றிக்கொள்ளலாம்.

கார் ஆயில் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் எஞ்சின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் நனைகின்றன. எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்த்த கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் தட்டுகள் வழுக்கத் தொடங்கலாம். இதற்காகவே ஜப்பானில் 1998இல் நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் ஆயிலுக்கென்று ஜாசோ தரநிலையை வகுத்தார்கள். டப்பாவின் பின்புறம் ‘ஜாசோ எம்ஏ’ அல்லது ‘எம்ஏ2’ என்று இருந்தால் அது ஆயிலில் நனையும் கிளட்ச்சுக்கு ஏற்றது. ‘எம்பி’ என்று இருப்பது உராய்வு குறைந்த வகை. கிளட்ச் ஆயிலில் நனையாத கியரில்லா ஸ்கூட்டர்களுக்கு உரியது. அதைக் கியர் வண்டியில் ஊற்றக் கூடாது.

கேள்வி: என் வண்டியின் மீட்டரில் ஆயில் விளக்கு இருக்கிறது. அது எரியாதவரை அளவு சரியாக இருக்கிறது என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ளக் கூடாது. பெரும்பாலான வண்டிகளில் அந்த விளக்கு காட்டுவது அழுத்தத்தை. சாவி போட்டதும் எரிந்து, எஞ்சின் கிளம்பியதும் அணைவது அதனால்தான். அளவு கீழ்க்கோட்டுக்கு வெகு கீழே இறங்கியிருந்தாலும், பம்பின் வாய் ஆயிலில் மூழ்கியிருக்கும்வரை விளக்கு எரியாது. வளைவில் சாயும்போதோ பிரேக் பிடிக்கும்போதோ ஆயில் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும்போதுதான் அது முதன்முதலாக மினுக்கும். ஓடும்போது விளக்கு எரிந்தால் அடுத்த பங்க்வரை போய்விடலாம் என்று நினைக்காமல், கிளட்ச்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து ஓரமாக நிறுத்துங்கள். சில நிமிடம் பொறுத்து அளவு பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றிவிட்டுக் கிளப்பி, உடனே விளக்கு அணைகிறதா என்று கவனியுங்கள். அளவு சரியாக இருந்தும் விளக்கு அணையாவிட்டால், ஸ்விட்ச் பழுது என்று தெளிவாகத் தெரியும்வரை வண்டியை ஏற்றிக்கொண்டு போவதே எஞ்சினுக்குப் பாதுகாப்பு.